ஒன்பது தக்காளிச் செடிகளும் ஒரு கறுப்புக் கண்ணாடியும்

இந்தப் பக்கம் எட்டிப் பார்த்து ரெண்டு மாசத்துக்கு மேல ஆச்சு. ஆபீஸ்ல ஆணி ஜாஸ்தி என்பது வழக்கமா நான் சொல்ற காரணம். இந்தத் தடவை அது பாதிதான் உண்மை. மீதிப் பாதிக்குக் காரணம் எங்க வீட்டு மொட்டை மாடியில இருந்த முப்பத்தியொரு பைகளும், கறுப்புக் கண்ணாடி போட்ட ஒரு மனுஷரும்.

கொஞ்சம் கொசுவத்தி சுத்திக்கிறேன், பொறுத்துக்கோங்க.

சென்னையில பேச்சலருக்கு வீடு கிடைக்கிறதே போன ஜென்மத்துப் புண்ணியம். எனக்கு மேடவாக்கத்துல ரெண்டாவது மாடியில ஒரு சிங்கிள் பெட்ரூம் கிடைச்சுது. மொத்தம் நாலு போர்ஷன். கீழ ஹவுஸ் ஓனர், முதல் மாடியில ஒரு அக்கா குடும்பமும் வயசான ஒரு தம்பதியும், அதுக்கு மேல நான், எனக்கு மேல வானம். "மொட்டை மாடி சும்மாதானே சார் கிடக்கு, ரெண்டு தொட்டி வச்சுக்கவா?"ன்னு ஒரு நாள் ஓனர் நல்ல மூடுல இருக்கும்போது கேட்டேன். "ரெண்டு தொட்டிதானே தம்பி, வச்சுக்கோ"ன்னார். அவர் ரெண்டுன்னு சொன்னதை நான் ஒரு குறைந்தபட்ச அளவா எடுத்துக்கிட்டேன் :)

2025 பொங்கலுக்கு ஊருக்குப் போயிட்டுத் திரும்பும்போது, அம்மா சாம்பல்ல புரட்டின கத்தரி விதையைப் பேப்பர்ல மடிச்சுக் குடுத்தாங்க. எங்க ஊர் ஒட்டன்சத்திரம் பக்கம். காய்கறி மார்க்கெட்டுக்குப் பேர் போன இடம். அப்பா விவசாயி. நான் விவசாயி மகன். ஆனா பிளஸ் டூ வரைக்கும் "நீ போய்ப் படிடா"ன்னு துரத்தித் துரத்தியே வளர்த்ததால, மண்வெட்டி பிடிச்சா எந்தக் கை முன்னால வரணும்னு கூட எனக்குத் தெரியாது. எனக்குத் தெரிஞ்ச விவசாயமெல்லாம் யூட்யூப் போட்ட பிச்சை.

அந்த வீடியோக்களைப் பார்த்து அஞ்சு கிலோ தேங்காய் நார்க் கட்டி ஒண்ணு வாங்கினேன். பார்க்க பெரிய செங்கல் மாதிரி சாதுவா இருந்துச்சு. தண்ணியில போட்டதும் ஊற ஆரம்பிச்சுது. ஊறிச்சு, ஊறிச்சு, பக்கெட் போய், அடுத்த பக்கெட் போய், பாத்ரூம் தரை முழுக்க நார்த்தூள். அதுல இருக்கிற உப்புப் போக ரெண்டு மூணு தடவை அலசணும்னு வேற சொல்லியிருந்தாங்க. அலசினேன். கீழ் வீட்டு டிரெயினேஜ் அடைச்சுக்கிச்சு. ஓனர் முதல் தடவையா மாடிக்கு வந்தது அன்னைக்குத்தான்.

அதுக்கப்புறம் செம்மண், நார்த்தூள், மண்புழு உரம் கலந்து பை பையா ரொப்பினேன். மார்ச் முதல் வாரத்துல என் கணக்கு இது: தக்காளி ஒன்பது, வெண்டை எட்டு, கத்தரி ஆறு, மிளகாய் நாலு, அரைக்கீரை மூணு, புடலை ஒண்ணு. இதுக்கு எக்ஸெல் ஷீட் உண்டு. எந்தப் பையில எந்தத் தேதி விதை போட்டது, எப்ப முளைச்சுது, எப்பப் பூ வந்துச்சுன்னு எல்லாம். ஈரத்தை அளக்க ஒரு ஆர்டுயினோவும் சென்சாரும் கூட வச்சேன். மூணே வாரத்துல சென்சாரோட ரெண்டு காலும் அரிச்சுப் பச்சையாப் போச்சு. ஈர மண்ணுக்குள்ள கரண்ட் பாய்ஞ்சுகிட்டே இருந்தா அந்த உலோகம் கரைஞ்சு போயிடுமாம். எட்டாவது கெமிஸ்ட்ரியில படிச்சதுதான். மார்க் வாங்கினேன், மறந்துட்டேன்.

பங்குனி வெயில்ல பிரச்சினை ஆரம்பிச்சுது. நம்ம ஊர்ல கோடையில செடி வாடறது மேல இருந்து அடிக்கிற வெயிலால மட்டும் இல்லை. மதியம் மாடித் தளம் தோசைக்கல் மாதிரி காயும். பையோட அடி அந்தக் கல்லு மேலயே உக்காந்திருக்கும். வேர் வெந்துடும். பச்சை நிழல்வலை கட்டினேன், பைகளுக்கு அடியில செங்கல் வச்சுத் தூக்கினேன். அது வரைக்கும் சரி. ஏப்ரல்ல போர் தண்ணி இறங்கிடுச்சு.

2019-ம் வருஷம்தான் சென்னையில நான் பார்த்த முதல் முழுக் கோடை. பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் நாலும் வத்திப்போய், ஜோலார்பேட்டையில இருந்து ஐம்பது வேகன் ரயில்ல தண்ணி வந்த வருஷம். ஓஎம்ஆர்ல சில கம்பெனிகள் ஆளுங்களை வீட்டுல இருந்தே வேலை பாருங்கன்னு சொல்லிச்சு, பாத்ரூமுக்குத் தண்ணி இல்லைங்கற ஒரே காரணத்துக்காக. அதைப் பார்த்தவன் எவனும் சம்ப் மூடியைத் திறந்து அடி தெரிஞ்சா நிம்மதியா தூங்க மாட்டான். இந்த வருஷம் அந்த அளவுக்கெல்லாம் இல்லை. ஆனா எங்க தெருவுல போர் இறங்கினா லாரிதான். லாரிக் காசை நாலு போர்ஷனும் பங்கு போட்டுக்கணும்.

முதல் லாரி வந்த அன்னைக்கு சாயந்தரம் ஓனர் கூப்பிட்டார். முதல் மாடி அக்காவும் அங்க நின்னுட்டிருந்தாங்க. அக்கா நல்லவங்கதான், ஆனா ரெண்டு சின்னப் பசங்களோட யூனிஃபார்ம் துவைக்கிறவங்க. "நாங்க பாத்திரம் கழுவ யோசிக்கிறோம், நீங்க செடிக்கு டியூப் போட்டு அடிக்கிறீங்க"ன்னாங்க. என்னால ஒரு வார்த்தை திருப்பிச் சொல்ல முடியலை. தினமும் ரெண்டு பெரிய பக்கெட், நாற்பது லிட்டர் ஊத்திட்டிருந்தேன். எக்ஸெல் ஷீட்லயே இருக்கு. அன்னையில இருந்து செடிக்குக் குழாய்த் தண்ணி கிடையாதுன்னு தீர்மானம் நிறைவேறிச்சு.

சரி, மாற்று வழி. என்ஜினியர் ஆச்சே. முதல்ல ஆர்ஓ மெஷின் வெளியே தள்ற தண்ணியைப் பிடிச்சு ஊத்தினேன். வீணாப் போற தண்ணியைப் பயன்படுத்தறோமேன்னு ஒரே பெருமை. பத்து நாள்ல மண்ணு மேல வெள்ளையா பூத்துடுச்சு, மிளகாய் இலை நுனியெல்லாம் கருகிடுச்சு. டிடிஎஸ் மீட்டர் வச்சுப் பார்த்தா ஆயிரத்து நானூறு. போர் தண்ணியே உப்பு. அதுல இருக்கிற நல்ல தண்ணியை நான் குடிச்சுட்டு, உப்பை மட்டும் செடிக்கு ஊத்தியிருக்கேன். அடுத்து ஏசி தண்ணி. இது உருப்படி. காத்துல இருக்கிற ஈரம்தான் குளிர்ந்து சொட்டுது, அதுல உப்பு கிடையாது. ராத்திரி முழுக்கப் பிடிச்சா ஏழு எட்டு லிட்டர் தேறுச்சு. அதோட அரிசி கழுவின தண்ணி, காய் கழுவின தண்ணி எல்லாம் சேர்த்து ஒரு நாளைக்குப் பதினஞ்சு லிட்டர். முப்பத்தியொரு பைக்குப் பதினஞ்சு லிட்டர்னா பைக்கு அரை லிட்டருக்கும் கீழ. ஒரு பழைய மக் எடுத்து மார்க்கரால கோடு போட்டு, எல்லாப் பைக்கும் சரிசமமா, ஒரு சொட்டு கூடக் குறைய இல்லாம ஊத்தினேன். ஆபீஸ்ல லோட் பேலன்சிங்ல மூணு வருஷ அனுபவம், சும்மாவா?

இந்த லட்சணத்துல இருக்கும்போதுதான் அப்பா வந்தார்.

இடது கண்ணுல புரை. இங்கேயே ஆபரேஷன். அம்மா ஒரு வாரம் கூட இருந்துட்டு, மாட்டைப் பக்கத்து வீட்டுல எத்தனை நாள் விடறதுன்னு கிளம்பிட்டாங்க. அப்பா ஒரு மாசம் இருக்கணும். கண்ணுல தண்ணி படக்கூடாது, தூசி படக்கூடாது, குனியக்கூடாது, வெயிட் தூக்கக்கூடாது. பெரிய கறுப்புக் கண்ணாடி ஒண்ணு குடுத்திருந்தாங்க. அதைப் போட்டுக்கிட்டு லுங்கியோட சேர்ல உக்காந்தா, தெலுங்குப் படத்துல ரிட்டயர்டு ஆன வில்லன் மாதிரியே இருப்பார். அவர்கிட்ட இதைச் சொன்னதில்லை. உங்ககிட்டதான் சொல்றேன்.

வந்த நாலாம் நாள் மாடிக்குக் கூட்டிட்டுப் போனேன். சாயந்தரம் ஆறு மணி, வெயில் இறங்கிடுச்சு. மனசுக்குள்ள ஒரே படபடப்பு. பிராக்டிகல் எக்ஸாமுக்கு எக்ஸ்டர்னல் வந்து நிக்கிற மாதிரி. கையைப் பின்னால கட்டிக்கிட்டு மூணு சுத்து சுத்தினார். கத்தரி கிட்ட நின்னார். வெண்டைகிட்ட ரொம்ப நேரம் நின்னார்.

"இந்த மூணுலயும் மஞ்ச விழுந்திருச்சு, பாக்கலையா?"

பார்த்தேன். தெரியலை. அவர் ஒரு இலையைப் பிடிச்சு வானத்துக்கு நேரா காட்டினப்புறம்தான், நரம்பு மட்டும் மஞ்சளா வலை மாதிரி ஓடியிருக்கிறது தெரிஞ்சுது. ஆபரேஷன் ஆன கண்ணு, அதுக்கு மேல கறுப்புக் கண்ணாடி. தினமும் கண்ணாடி போட்டு மானிட்டர் பார்க்கிற எனக்குத் தெரியலை. வெள்ளை ஈ பரப்புற நோய் அது. வந்த செடியைக் காப்பாத்த முடியாது, பக்கத்துச் செடிக்குப் போறதுக்கு முன்னாடி எடுத்துடணும். அதை அவரே எடுக்கச் சொன்னார், நானும் எடுத்தேன். மனசு கேக்கலை, ஆனா நோய் வந்ததுதானேன்னு சமாதானம்.

அப்புறம் என்னோட சரிசம மக்கைப் பார்த்தார். ஒண்ணும் சொல்லலை. ஒரு பையை லேசா சாய்க்கச் சொன்னார். ஓரத்துல விரலால கிளறிக் காட்டச் சொன்னார். மேல ரெண்டு அங்குலம் ஈரம். அதுக்குக் கீழ மாவு மாதிரி காஞ்சு கிடந்துச்சு.

"தெனம் ஊத்துறேம்ப்பா."

"ஊத்தல. நனைக்கிற."

அவ்வளவுதான் சொன்னார். கீழ இறங்கிட்டார். எனக்குச் சுருக்குன்னுச்சு.

ரெண்டு நாள் கழிச்சு, மே முதல் வாரம், அக்னி நட்சத்திரம் அப்பதான் பிறந்திருந்துச்சு. காலையில ஒன்பதரைக்கு ஸ்டாண்டப் கால். கிளையண்ட் பக்கம் ஏதோ தகராறு, பதினஞ்சு நிமிஷக் கால் ஒரு மணி நேரம் இழுத்துச்சு. முடிச்சுட்டு வந்து பார்த்தா ஹால்ல அப்பாவைக் காணோம். வெயில்ல எங்க போனார்னு மாடிக்கு ஓடினேன்.

நிழல்வலைக்குக் கீழ ஒரு பக்கெட்டைக் கவுத்துப் போட்டு அதுமேல உக்காந்திருந்தார். அவருக்கு முன்னாடி ஒன்பது தக்காளிச் செடியும் வேரோட கிடந்துச்சு. மண்ணை உதறி, வரிசையா, சுத்தமா அடுக்கி வச்சிருந்தார்.

ஜனவரியில ஒவ்வொரு விதையா நான் போட்டு முளைக்க வச்ச செடி. மத்த எல்லாத்தையும் விட அதுமேலதான் எனக்கு ஆசை. இடுப்பு உயரம் வளர்ந்து, பூவும் பூத்து நின்னுது. போட்டோ எடுத்து டீம் குரூப்ல போட்டு லைக் வாங்கினதெல்லாம் அதுதான்.

"கேக்காம எதுக்குப்பா பிடுங்குனீங்க?"

"இது காய்க்காது. பூ பூராம் கொட்டுது பாரு. நம்மூர்ல ராத்திரியாச்சும் காத்தடிக்கும், இங்க ராத்திரியும் வேகுது."

"குனியக்கூடாதுன்னு சொன்னாங்களா இல்லையா?"

"குனியல. உக்காந்துதான் பிடுங்குனேன்."

அதுக்கு அடுத்து நான் சொன்னதை அப்படியே எழுதறேன், நல்லாப் பேர் வாங்கறதுக்காக மாத்த விரும்பலை. "இது என்ன உங்க தோட்டமா? நான் காசு போட்டு, நான் கஷ்டப்பட்டு வளத்தது. நோகாம வந்து பிடுங்கிப் போட்டுட்டீங்க"ன்னு கத்தினேன். கீழ துணி காயப்போட்டுட்டிருந்த அக்கா நிமிர்ந்து பார்த்தாங்க. அப்பா கண்ணாடியைச் சரி பண்ணிக்கிட்டார். பக்கெட்ல இருந்து மெதுவா எந்திரிச்சுப் படி இறங்கிப் போனார். மத்தியானம் சாப்பிடக் கூப்பிட்டேன், வந்து சாப்பிட்டார். பேச்சு இல்லை.

(தக்காளி விஷயத்துல அவர் சொன்னது சரிதான். அப்புறம் படிச்சுப் பார்த்தேன். ராத்திரி வெப்பம் இருபத்திநாலு டிகிரிக்கு மேலேயே நின்னா தக்காளியில மகரந்தம் கெட்டு, பூ பிஞ்சு பிடிக்காம உதிர்ந்துடும். சென்னை மே மாசத்துல ராத்திரியே இருபத்தெட்டு. செடி உயிரோட இருக்கும், பச்சையா இருக்கும், தண்ணி குடிக்கும். காய்க்காது.)

ஆபரேஷன் ஆனவங்களைப் பார்த்துக்கிட்டவங்களுக்குத் தெரியும், சண்டை போட்டாலும் சொட்டு மருந்து நேரத்துக்குப் போட்டாகணும். ராத்திரி ஒன்பதரைக்கு அவரை மல்லாக்கப் படுக்க வச்சு, கீழ் இமையை இழுத்து முதல் மருந்து ஒரு சொட்டு. அதுக்கப்புறம் அஞ்சு நிமிஷம் கண்ணை மூடிப் படுத்திருக்கணும். அப்புறம் ரெண்டாவது மருந்து. நடுவுல அந்த அஞ்சு நிமிஷம் நான் மொபைலை நோண்டிக்கிட்டு உக்காந்திருப்பேன். அன்னைக்கு அதுகூடத் தோணலை. ஃபேன் ஓடற சத்தம் மட்டும்.

கண்ணை மூடினபடியே கேட்டார். "நீ மூணாவது வருசம் படிக்கும்போது லீவுக்கு வந்தியே, தென்னை மரம் என்னாச்சுன்னு கேட்டியே, ஞாபகம் இருக்கா?"

இருந்துச்சு. 2016-ல வடகிழக்குப் பருவமழை ஏமாத்திடுச்சு. 2017 ஜனவரியில தமிழ்நாட்டுல எல்லா மாவட்டமும் வறட்சின்னு அரசாங்கமே அறிவிச்சுது. நான் அப்ப கோயம்புத்தூர்ல ஹாஸ்டல்ல இருந்தேன். மே மாசம் லீவுக்குப் போனா தோட்டத்துல கிணத்தடி மரங்களைத் தவிர மத்ததெல்லாம் அடிக்கட்டையா நின்னுது. கேட்டதுக்கு "வண்டு அடிச்சிருச்சு"ன்னார். நான் விடலையே. காண்டாமிருக வண்டுக்கு இனக்கவர்ச்சிப் பொறி வைக்கலாம்ப்பா, ஏக்கருக்கு இத்தனைன்னு நெட்ல பார்த்து, திண்ணையில உக்கார வச்சு அரை மணி நேரம் கிளாஸ் எடுத்தேன். அவரும் "ஓகோ, அப்படியா"ன்னு கேட்டுக்கிட்டார்.

"வண்டெல்லாம் இல்ல. தண்ணி இல்ல."

எங்க கிணறு கூட்டுக் கிணறு. மூணு பங்கு. அது வத்தினப்புறம் எண்ணூறு அடிக்கு போர் போட்டிருக்காங்க, புழுதிதான் வந்துச்சாம். ஐம்பத்திரெண்டு மரம். லாரித் தண்ணி வாங்கி மரத்துக்கு ஊத்த ஆரம்பிச்சிருக்கார். முதல்ல எல்லா மரத்துக்கும் கொஞ்சம் கொஞ்சம். ஒரு மாசம் ஊத்தியும் எல்லா மரமும் ஒண்ணு போல மட்டை தொங்க ஆரம்பிச்சுது. அப்ப என்னோட ஆறாவது செமஸ்டர் ஃபீஸ் நேரம். லாரிக்கும் குடுத்து ஃபீஸும் கட்ட முடியாது. ஒரு நாள் காலையில போய், கிணத்தை ஒட்டி இருந்த இருபது மரத்துல சுண்ணாம்பால கோடு போட்டிருக்கார். அந்த இருபதுக்கு மட்டும்தான் தண்ணி, நிறைய, பாத்தி நிக்கிற அளவுக்கு. முப்பத்திரெண்டுக்கு நிறுத்திட்டார்.

"நீ ஒண்ணாவது படிக்கும்போது வச்ச மரம் அதெல்லாம். அதுல பாதி நல்ல காய்ப்பு மரம். மொட்டு விட்டுட்டு நின்னுச்சு. தெனம் அதைத் தாண்டித்தான் அந்த இருபதுக்குக் குடம் தூக்கிட்டுப் போகணும்."

அப்புறம் கொஞ்ச நேரம் பேசலை. கொண்டை சாய்ஞ்ச மரத்தையெல்லாம் செங்கச் சூளைக்காரங்க வந்து வெட்டி எடுத்துட்டுப் போனாங்களாம். மரத்துக்கு என்ன குடுத்தாங்கன்னு கேட்டேன். "அதை ஏன் கேக்கற"ன்னார்.

"ஏம்ப்பா என்கிட்ட வண்டுன்னு சொன்னீங்க?"

"பரிச்சை வருதுன்னு உங்கம்மாதான் சொல்ல வேண்டாம்னா. அப்புறம் நீ அந்தப் பொறியைப் பத்தி அம்புட்டு ஆசையா சொல்லிட்டிருந்த. அதுக்கு மேல எங்க சொல்றது?"

அஞ்சு நிமிஷம் எப்பவோ தாண்டிடுச்சு. ரெண்டாவது மருந்தைப் போட்டேன். கை கொஞ்சம் நடுங்கினதுல ஒரு சொட்டு கன்னத்துல விழுந்துச்சு. "பாத்துடா, ஒரு பாட்டில் என்ன விலை"ன்னார். மன்னிப்பெல்லாம் நான் கேக்கலை. எங்க வீட்டுல அப்படிக் கேக்கற வழக்கம் இல்லை. காலையில டீ போடும்போது அவருக்குப் பிடிச்ச மாதிரி சக்கரை தூக்கலா போட்டேன். அது அவருக்குப் புரிஞ்சுதான்னு தெரியாது, சுகரையும் டெஸ்ட் பண்ணணும்.

அதுக்கப்புறம் நாங்க ரெண்டு பேரும் சேர்ந்து செஞ்சது பெரிய விஷயம் ஒண்ணும் இல்லை. அரைக்கீரையை முழுசா அறுத்து நாலு வீட்டுக்கும் குடுத்துட்டு அந்த மூணு பையையும் காலி பண்ணினோம். மிச்சம் பதினாறு பை. கத்தரி ஆறு, வெண்டை அஞ்சு, மிளகாய் நாலு, புடலை ஒண்ணு. பிடுங்கின தக்காளிச் செடியைக் கூட வீணாக்கலை. காய வச்சு, தெருமுனையில கூட்டிக் குவிச்சிருந்த சருகோட சேர்த்து எல்லாப் பைக்கும் மூணு விரல் கனத்துக்கு மூடாக்குப் போட்டோம். தக்காளிச் செடியை மட்டும் கத்தரிக்கும் மிளகாய்க்கும் போட விடலை. ஒரே சாதி, ஒண்ணோட நோய் இன்னொண்ணுக்கு வந்துடும்னார். வெண்டைக்கும் புடலைக்கும் போட்டோம். தண்ணி ஊத்தறது சாயந்தரம் மட்டும், ஒரு நாள் விட்டு ஒரு நாள், எட்டு எட்டுப் பையா. ஊத்தினா அடியில ஓட்டை வழியா ஒரு சொட்டு எட்டிப் பார்க்கிற வரைக்கும். நாலே நாள்ல வித்தியாசம் தெரிஞ்சுது. மதியம் ரெண்டு மணிக்குப் போய்ப் பார்த்தாலும் கத்தரி இலை விறைப்பா நின்னுது.

தண்ணிக்கு அவர் பண்ணின ஏற்பாடுதான் எனக்கு ஆச்சரியம். ஊர்க் கிணத்துல மூணு பங்குக்காரங்களுக்கும் முறை உண்டு. ஒரு பங்குக்கு ஒரு நாள். தண்ணி குறைஞ்சா யாரோட நாளும் போகாது, மோட்டார் ஓடற மணிதான் குறையும். ஆபரேட்டிங் சிஸ்டம்ஸ் பேப்பர்ல ரவுண்ட் ராபின் ஷெட்யூலிங்னு பதினாறு மார்க் கேள்வியா நான் மனப்பாடம் பண்ணின சமாச்சாரம். எங்க தாத்தா காலத்துலயே ஓடிட்டிருக்கு.

ஒரு நாள் நான் ஆபீஸ் போயிருந்தப்ப, அப்பா படி இறங்கி அந்தக் கறுப்புக் கண்ணாடியோட ஒவ்வொரு வீடா போயிருக்கார். அக்காகிட்ட "குழாய்த் தண்ணி ஒரு சொட்டு வேண்டாம் தாயி. அரிசி களையற தண்ணி, காய் கழுவுற தண்ணியை மட்டும் ஒரு வாளியில ஊத்திப் படியில வச்சா பையன் எடுத்துக்குவான். சோப்புத் தண்ணி மட்டும் வேண்டாம். காய்க்கிறதுல உங்களுக்கும் பங்கு"ன்னு சொல்லியிருக்கார். திங்கள் வியாழன் அக்கா வீடு, செவ்வாய் வெள்ளி ஓனர் வீடு, புதன் சனி தாத்தா பாட்டி வீடு. காய் பறிக்கிறதும் அதே முறை. எட்டு மாசமா அந்தப் படியில ஏறி இறங்கறேன். யார்கிட்டயும் "குட் மார்னிங்"குக்கு மேல பேசினதில்லை. அவர் மூணு மணி நேரத்துல முதல் மாடித் தாத்தா எந்த வருஷம் எந்த ஊர்ல வேலை பார்த்தார்ங்கற வரைக்கும் தெரிஞ்சுட்டு வந்துட்டார்.

முதல் முறை வெண்டைக்காய் அக்கா வீட்டுக்குப் போச்சு. பதினொரு காய். எண்ணிக் குடுத்தேன், கொஞ்சம் அசிங்கமாத்தான் இருந்துச்சு. மறுநாள் காலையில படியில வாளியோட ஒரு டிபன் பாக்ஸும் இருந்துச்சு. வெண்டைக்காய் மோர்க்குழம்பு. அப்பா சாப்பிட்டுட்டு, "உங்கம்மா அளவுக்கு இல்ல"ன்னார். ரெண்டாவது தடவையும் ஊத்திக்கிட்டார்.

மாவுப்பூச்சி ஒரு தடவை வந்துச்சு. வேப்பெண்ணெய் லிட்டருக்கு அஞ்சு மில்லி, துளி சோப்புக் கரைசல், சாயந்தரம் தெளிச்சதுல அடங்கிடுச்சு. அதைப் பத்தி யூட்யூப்ல ஆயிரம் பேர் சொல்லிட்டாங்க, நான் வேற எதுக்கு.

மே கடைசியில டாக்டர் கண்ணு சுத்தமா இருக்குன்னுட்டார். மறுநாளே கிளம்பணும்னு ஒத்தைக்கால்ல நின்னார். பஸ் ஏத்திவிடப் போனப்ப, அந்த இருபது மரம் இப்ப எப்படி இருக்குன்னு கேட்டேன். பதினெட்டு இருக்கு, ரெண்டு 2018 நவம்பர்ல கஜா புயல்ல விழுந்துடுச்சுன்னார். அதையும் அப்ப நான் கேக்கலை. வேலைக்குச் சேர்ந்த புதுசு, முதல் ரிலீஸ், ஆணி. வெட்டின இடத்துல எதுவும் வைக்கலையான்னு கேட்டேன். "முருங்கை போட்டிருக்கேன். அதுக்குத் தண்ணி கம்மி. ஆடியில வா, பாரு"ன்னார். லீவுக்கு அப்ளை பண்ணிட்டேன். மேனேஜர் இன்னும் அப்ரூவ் பண்ணலை, நற நற.

போன வாரம் ஒரு கூத்து. புடலைப் பையில மூடாக்கை விலக்கிப் பார்த்தா ஓரமா ரெண்டு தக்காளி முளைச்சு நிக்குது. யாரும் விதைக்கலை. அக்கா வீட்டுல காய் கழுவின தண்ணியில வந்த விதையாத்தான் இருக்கணும். ராத்திரி வீடியோ கால்ல அப்பாவுக்குக் காட்டினேன். கண்ணாடி இப்ப சாதாரணக் கண்ணாடி. போனைக் கிட்ட வச்சு, தூர வச்சு, அம்மாவை வெளிச்சம் மறைக்காம நகரச் சொல்லி, ஒரு வழியாப் பார்த்தார்.

"பிடுங்கிப் போடு. புடலைக்குப் போற தண்ணியைக் குடிச்சிரும்."

"ரெண்டுதானேப்பா. இருந்துட்டுப் போகட்டும்."

கொஞ்ச நேரம் பதில் இல்லை. கால் கட்டாயிடுச்சோன்னு நினைச்சேன்.

"எத்தன எலை விட்டிருக்கு?"

"நாலு."

"ஒண்ண மட்டும் எடுத்துத் தனிப் பையில வையி. இன்னொண்ணப் பிடுங்கிரு. எதுன்னு நீயே பாத்துக்க."